நெருஞ்சிக் காட்டில் ஆளில்லாத படம்

நெருஞ்சி பூத்த தரையில் குப்புறப் படுத்திருக்கிறேன். இரண்டு முழங்கையிலும் முள். கண்ணுக்கு முன்னால் கேமரா, ஒரு சாண் உயர ஸ்டாண்டில். அதற்கு முன்னால் மஞ்சள். மஞ்சளுக்கு அப்பால், குடை விரித்த மாதிரி ஒற்றை உடைமரம். அதற்கு மேலே மழை கழுவிவிட்ட வானம்.

மரத்தடியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தொடரில் போன வாரங்களில் அச்சகத்தில் சேர்ந்தது, முதல் கேமரா வாங்கியது, என் கல்யாணத்தில் நானே படம் எடுக்கப் போய்த் திட்டு வாங்கியது என்று எழுதினேன். சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த வாரமும் அப்படி எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதாமல் அடுத்ததற்குப் போக எனக்கு வழி தெரியவில்லை. நான்கு வாரமாகத் தாண்டிப் போகப் பார்த்தேன், முடியவில்லை.

கடைப் பெயருக்கு இடம்

சிவகாசியில் காலண்டருக்கு இயற்கைக் காட்சி எடுப்பவனுக்கு இரண்டு விதிகள். நான் சேர்ந்த முதல் வாரமே முதலாளி இரண்டையும் சொல்லிவிட்டார்.

ஒன்று, கீழே மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்க வேண்டும். அங்கேதான் கடைப் பெயரும் தேதிக்கட்டும் வரும். எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் அந்த இடத்தில் இருந்தால் அது மளிகைக்கடைப் பெயருக்கு அடியில் போய்விடும். அதனால் கண்ணை இழுக்கிற பொருள் எல்லாம் நடுவிலும் மேலேயும். கீழே வெறும் நிறம்.

கொஞ்ச நாள் இதைச் செய்தாலே கண் கெட்டுப்போகும். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போயிருந்தோம். பள்ளத்தாக்கில் மேகம் இறங்குவதைப் பார்த்து என் மனைவி வாயடைத்து நின்றாள். நான் பக்கத்தில் நின்று, "கீழ இடம் பத்தாது" என்றேன். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

இரண்டாவது விதி, ஆள் கூடாது.

"ஆளு இருந்தா எந்த ஊர்க்காரி, என்ன சேலை, என்ன பொட்டுன்னு ஒவ்வொருத்தனும் ஒண்ணு கேப்பான்" என்பார் முதலாளி. "பூவுக்கு அந்த வம்பே கிடையாது. எல்லா ஊருக்கும் விக்கும்."

அப்போது காட்சிப் படம் என்றால் வெளிநாடுதான். பனிமலை, ஏரி, சிவப்பு ஓட்டு வீடு. ஏஜெண்டுகளிடம் ஸ்லைடு, அதாவது கலர் பிலிம் துண்டு, வாங்கி அச்சடிப்போம். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த ஒருவர்தான் ஒரு தடவை எங்கள் காலண்டர் மாதிரி ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "பனிமலையை மாட்டிக்கிட்டு அதுக்குக் கீழ உக்காந்து வத்தல் நெடியில தும்மிக்கிட்டு இருக்கோம். நம்ம காட்டுல பூக்கிற பூவு ஒண்ணுகூடவா உங்க கண்ணுல படலை?"

அந்த ஒரு பேச்சுக்காக முதலாளி என்னைக் கரிசல் காட்டுக்கு அனுப்பினார்.

படுத்துப் பார்த்தால்தான்

நின்றுகொண்டு பார்த்தால் நெருஞ்சி ஒன்றுமில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக மஞ்சள் பொட்டு. நடுவில் எல்லாம் கறுப்பு மண். குனிந்தால் கொஞ்சம் கூடும். மண்ணில் நெஞ்சு படப் படுத்துக் கண்ணைப் பூ மட்டத்துக்குக் கொண்டுபோனால், இடையில் இருக்கிற மண் மறைந்து, பூவுக்குப் பின்னால் பூ, அதற்குப் பின்னால் பூ என்று அடுக்கி ஒரே விரிப்பாகிவிடும். அத்தனையும் வெயிலைப் பார்த்து ஒரே பக்கம் முகம் வைத்திருக்கும்.

கிட்டத்தில் இருக்கிற பூவும் தூரத்து மரமும் இரண்டுமே தெளிவாக விழ வேண்டுமென்றால் கேமராவின் கண்ணை ஊசித் துவாரமாகச் சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கினால் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் காற்று அசைத்தால் எல்லாம் மஞ்சள் கூழ். எங்கள் பக்கம் காற்று சும்மா இருக்கிற நேரம் ரொம்பக் குறைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும்.

கார்த்திகை மாதம். ஆமத்தூர்ப் பக்கம் இரண்டு நாள் அலைந்தேன். பூ இருந்தது, மரம் இல்லை. மூன்றாவது நாள் தாயில்பட்டி போகிற வழியில் இந்த இடம் அகப்பட்டது. பக்கத்திலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியின் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வெள்ளை அறைகள். தீபாவளி முடிந்து பூட்டியிருந்த கம்பெனி அந்த வாரம்தான் திறந்திருந்தது.

வெள்ளைச் சுவர் படத்தைக் கெடுக்குமே என்று முதலில் தயங்கினேன். பிறகு இரண்டடி இடது பக்கம் தவழ்ந்து போனதும் அந்த அறைகள் எல்லாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை என்பதால் என் மகள் அமுதாவும் வந்திருந்தாள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பிள்ளை. பஸ்ஸில் தனியாக அனுப்பக்கூடப் பயப்படுகிறவன் நான். காட்டுக்கு எப்படிக் கூட்டிப் போனேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

"நாங்களும் விழுவோமா?"

அந்த இரண்டு பெண்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலியில் இருந்த சந்து வழியாக வெளியே வந்திருந்தார்கள். மூத்தவருக்கு நாற்பது இருக்கும், சிவப்புச் சேலை. பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. கூட இருந்தது செல்வி, கல்யாணமாகாத பெண்.

"போட்டோக்காரரே! பூச்சி பொட்டு கிடக்கப்போகுது, இப்படிப் படுத்துக் கிடக்கீக!" என்று கத்தினார் பேச்சியம்மாள்.

"பூவு தூங்குதுல்ல, அதான் பக்கத்துல படுத்திருக்காக" என்றாள் செல்வி.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கிடப்பாரு. ஆனா பக்கத்துல பூ இருக்காது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அமுதாவும் சிரித்துவிட்டாள்.

"நாங்களும் அதுல விழுவோமா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

அமுதா என் பக்கத்தில் குனிந்து கேமராவுக்குள் பார்த்தாள். "அவுக இருக்கட்டும்ப்பா. அந்தச் செவப்புச் சேலை இந்த மஞ்சளுக்கு எப்படி இருக்கு பாருங்க."

பார்த்தேன். ஓர் அரிசி அளவுக்குச் சிவப்பு. அது இருந்ததால் அந்த மரத்துக்கு உயரம் தெரிந்தது, காட்டுக்கு அகலம் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. இதை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

"முதலாளி எடுக்க மாட்டாரும்மா" என்றேன் அவளிடம். பிறகு மரத்தைப் பார்த்துச் சத்தம் கொடுத்தேன். "அக்கா, ஒரு பத்து நிமிசம் அந்தப் பக்கம் போயிருங்களேன். படத்துல ஆள் விழக்கூடாது."

"ஏன், எங்க மூஞ்சி ஆகாதாக்கும்?"

"அதெல்லாம் இல்லக்கா. இது காலண்டருக்கு."

"காலண்டர்ல சாமிதான் வரும் பேச்சியக்கா" என்றாள் செல்வி. "நீ சாமியானப்புறம் வா."

பேச்சியம்மாள் வாயில் சோற்றோடு சிரித்து, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டார். "சரி, நீங்க எடுத்து முடிங்க. அதுக்குள்ள ரெண்டு வெடிச் சரம் பின்னிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுதோம். வாடி."

சந்து வழியாக இருவரும் உள்ளே போனார்கள்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மா தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். எவ்வளவு செய்கிறோமோ அவ்வளவுக்குக் கூலி. அதனால் அவளுக்குச் சும்மா இருக்கிற கை பிடிக்காது. அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் கூடத் துணி துவைத்துவிடுவாள். பத்து நிமிடம் என்று சொன்னால் அந்தப் பெண்கள் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள், வேலைக்குத்தான் போவார்கள் என்பது, வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று நான் எங்கும் சொல்ல முடியாது.

காற்று நின்றது. நான்கு படம் எடுத்தேன். ஐந்தாவதற்கு விரலை வைத்தபோது தரை என் நெஞ்சில் அடித்தது.

படுத்திருந்ததால் சத்தம் வயிற்றுக்குத்தான் முதலில் வந்தது. நெருஞ்சி முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. மரத்துக்குப் பின்னால், நான் ஒளித்துவைத்த இடத்திலிருந்து, கறுப்பாகப் புகை எழும்பியது.

அமுதா இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைத் தரையோடு அழுத்திப் படுத்தேன். இன்னொரு தடவை வெடித்தது. பிறகு கேமராவை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, அவளை இழுத்து ஸ்கூட்டரில் ஏற்றினேன். "அப்பா, அங்கன! அப்பா, அவுக அங்கன!" என்று என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாள். நான் எதிர்ப்பக்கம் ஓட்டினேன். ரோட்டில் ஆட்கள் எல்லாம் புகையைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் அவர்களைக் கடந்து போனோம்.

பெண் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அமுதா சொல்லவில்லை.

பேச்சியம்மாளுக்கு அந்த அறைக்குள்ளேயே உயிர் போய்விட்டது. செல்வி இரண்டு கையும் வெந்து, பிழைத்தாள்.

வெள்ளைப் புள்ளி

பிலிம் கழுவி வந்தது. லைட் டேபிளில் வைத்துப் பார்த்தேன். நான்கும் பழுதில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மரத்தடியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தூக்குச்சட்டி. பக்கத்தில் அதன் மூடி தனியாகக் கிடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அமுதா அதில் ஒரு ஸ்லைடைக் கேட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியோடு பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மொட்டை அடித்திருந்தார். "நான் பேச்சியம்மா வீட்டுக்காரன், கருப்பசாமி" என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"செல்விப் பிள்ளை ஆஸ்பத்திரியில சொல்லிச்சு அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு அங்கன போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தீகளாமே. அவ படம் வீட்டுல ஒண்ணுகூட இல்ல. ரேசன் கார்டுல என் மூஞ்சிதான் இருக்கு. கல்யாணத்துல எடுத்ததைக் கரையான் தின்னுட்டுது. பதினாறாம் நாளைக்கு ஒரு மாலை போடணும்ல. ஓரத்துலயாவது, தூரத்துலயாவது, அவ விழுந்திருக்காளா?"

செல்வி அவரிடம் எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்துவிட்டேன்.

"இல்லையே" என்றேன். "அங்க ஆள் இருந்ததையே நான் பாக்கலியே."

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

திரும்பினேன். அமுதா அவருக்குக் கொடுப்பதற்குச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்தவள், அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள். பசியில்லையாக்கும் என்று நினைத்தோம். மறுநாளும் பாதி. அதற்கு மறுநாளும். சண்டை இல்லை, அழுகை இல்லை. தட்டின் நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு, "போதும்மா" என்பாள். என் மனைவி கெஞ்சினாள், திட்டினாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். மதுரை வரை போய்க் காட்டினோம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். வயிற்றில் இல்லை என்று எனக்கு முன்பே தெரியும்.

ஆனியில் முதலாளி ஸ்லைடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். நெருஞ்சியில் அவர் கை நின்றது. "இதுதான்யா படம்! அந்த மரத்தடியில வெள்ளையா என்னமோ கிடக்கு பாரு. அதை மட்டும் எடுத்துரு."

கம்ப்யூட்டர் பிரிவில் அதற்குப் பையன்கள் இருந்தார்கள். நானே உட்கார்ந்தேன். பக்கத்தில் இருக்கிற பூக்களைப் பிடித்து இதன்மேல் ஒட்டுவதுதான் வேலை. முதலில் மூடி போனது, பிறகு சட்டி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளிவந்தது. அந்த வருடம் அதிகமாக ஆர்டர் விழுந்தது அந்தப் படத்துக்குத்தான். மாதிரிக்கு ஒன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஏன் கொண்டுவந்தேனோ. அமுதா மரத்தடியை உற்றுப் பார்த்தாள்.

"சட்டியையும் எடுத்துட்டீகளாப்பா" என்றாள்.

சுவரில்

அடுத்த தை பிறந்து கொஞ்ச நாளில், பள்ளிக்கூட வாசலில் அமுதா மயங்கி விழுந்தாள். பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. தூக்கிக்கொண்டு வந்த டீச்சர், "பிள்ளைக்கு வீட்டுல சோறு போடுறீங்களா இல்லையா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். தூக்கியபோது எனக்கே தெரிந்தது, ஏழாம் வகுப்பில் இருந்த கனம்தான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்லைடைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா, போயிட்டு வருவோம்" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. வழியெல்லாம் நெருஞ்சி காய்ந்து முள்ளாகிக் கிடந்தது.

கருப்பசாமி வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் என் படம் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் காடு, ஒற்றை மரம், கீழே ஒரு மளிகைக்கடையின் பெயர். படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. மரத்தடியில் குங்குமப் பொட்டு.

"வாங்க அண்ணாச்சி" என்றார். நான் சுவரையே பார்ப்பதைப் பார்த்து அவரே சொன்னார். "அவ படம் எங்கனயும் கிடைக்கல. இது பொங்கச் சாமான் வாங்கப் போனப்ப கடையில குடுத்தாக. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, அந்த உடைமரம். நானே எத்தனையோ நாள் அவளைக் கூப்பிடப் போயிருக்கேன்ல. இதுலயாவது மாலை போடுவோமேன்னு மாட்டிட்டேன்."

பக்கத்தில் போய் மரத்தடியில் விரலை வைத்தார். "இங்கனதான் உக்காந்து சாப்பிடுவா."

அவர் விரல் இருந்த இடத்தில் இருந்தவை நான் ஒட்டிய பூக்கள்.

அமுதா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். மரத்தடியில் அவர்கள் இருந்ததை, சிவப்புச் சேலையை, பத்து நிமிடம் போயிருங்கள் என்றதை, என் வீட்டு வாசலில் அவரிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஸ்லைடையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் காட்டினேன்.

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு கை நின்றது. நெடுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"மூடி தனியாக் கிடக்கு" என்றார். "அப்ப அவ சாப்பிட்டு முடிக்கலையா?"



"பாதிதான் சாப்பிட்டாக, பெரியப்பா" என்றாள் அமுதா.

அவர் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்லைடைக் கொடுக்கவில்லை. உள்ளே பார்த்து மருமகளிடம், "ரெண்டு பேருக்கும் சோறு போடு தாயி" என்றார்.

வேண்டாம் என்றேன். "உக்காருங்க" என்றார். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. உட்கார்ந்தோம்.

சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். அவர் எங்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்லைடைக் கைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடவில்லை. மன்னித்தேன் என்றோ நாசமாய்ப் போ என்றோ ஒரு சொல் சொல்லவில்லை.

பாதித் தட்டில் அமுதாவின் கை நின்றது.

"பாதியில எந்திரிக்கக் கூடாது தாயி" என்றார் கருப்பசாமி.

அமுதா சாப்பிட்டாள். கண்ணிலிருந்து வழிந்து சோற்றில் விழ விழப் பிசைந்து சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். புளியோ உப்போ எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு தட்டும் வழித்துக் காலியான பிறகுதான் அவர் எழுந்தார். போயிட்டு வாறோம் என்றோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்று ஸ்கூட்டரில் வரும்போது நினைத்தேன். பெற்றவன் அப்படித்தான் நினைப்பான்.

மறுநாள் இரவு வீட்டில் அமுதா பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தாள். "பாதியில எந்திரிக்காதே" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல அவரால் முடிந்தது. பேச்சியம்மாளைப் பாதிச் சோற்றில் எழுப்பிவிட்டவன் நான். தட்டை எடுத்துக்கொண்டு அவள் என்னைக் கடந்து போனாள். வழி விட்டு ஒதுங்கிக்கொண்டேன்.